சொந்த நிலத்தில் குடும்பக் கல்லறை: குழி வெட்டுவதற்கு முன்னால்

தீபாவளிக்கு முன் கல்லறைக்குப் போய்ப் படையல் போட்டு வருவது, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துக் குடும்பங்களில் இன்றும் விடாத வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அப்படிப் போனபோது, தாத்தா அடங்கியிருக்கும் தோட்டத்தின் கேட்டில் புதுச் சங்கிலி தொங்கியது. தோட்டம் கைமாறிவிட்டது. காவலுக்கு நின்ற பையன் வெளிநாட்டுக்காரன். யாரையும் உள்ளே விடக்கூடாது என்று முதலாளி சொல்லியிருப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னான். அத்தை அவனிடம் ஒன்றும் பேசவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கமே வாழையிலையை விரித்தார். தாத்தாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பையும் இட்லியையும் வைத்தார். செம்பனை மரங்களுக்கு ஊடே கல்லறை இருக்கும் திசையைப் பார்த்துச் சூடம் ஏற்றினார்.

வீடு திரும்பும் வழியில் அப்பா சொன்னார்: "என்னை நம்ம நிலத்துலயே வச்சிடுங்கப்பா. யார் வீட்டுக் கேட்டையும் தட்ட வேணாம்."

எங்களுக்கு லிந்தாங் சாலைப் பக்கம் மூன்று ஏக்கர் செம்பனை இருக்கிறது. சொந்த நிலம்தானே, ஒரு மூலையில் இடம் ஒதுக்கினால் முடிந்தது என்றுதான் நாங்களும் நினைத்தோம். எல்லாம் முடிய ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் பெரியப்பா தவறிவிட்டார். அவரை நகரத்து இடுகாட்டில்தான் அடக்கம் செய்தோம். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் எல்லோரும் நல்ல சுகமாக இருக்கும்போது இந்த வேலையைத் தொடங்குங்கள். சாவு விழுந்த பிறகு அலுவலகம் அலுவலகமாக ஓட யாருக்கும் தெம்பு இருக்காது, ஓடினாலும் ஒரு நாளில் முடியாது.

தோட்டத்துக் கல்லறைகள் ஏன் இப்படிக் கைவிட்டுப் போகின்றன என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் நிர்வாகம் தோட்டத்தின் ஓரத்தில் ஓர் இடத்தைக் காட்டும், நம்மவர்கள் அங்கே அடக்கம் செய்வார்கள். நிலம் கம்பெனி பெயரிலேயே இருக்கும். 1950களிலும் 60களிலும் தோட்டத் துண்டாடல் நடந்தபோது பெரிய தோட்டங்கள் கூறுகூறாக விற்கப்பட்டன. தொழிலாளர்கள் தாங்களே தோட்டம் வாங்கட்டும் என்று இதே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த, அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் அதனால்தான். பிற்பாடு பல தோட்டங்கள் தாமான்களாக, அதாவது வீடமைப்புப் பகுதிகளாக ஆகிவிட்டன. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கல்லறை நிலமும் சேர்ந்தே போனது, ஏனென்றால் அதற்கென்று தனியாக ஒரு கிராண்ட், அதாவது நில உரிமைப் பத்திரம், இருந்ததில்லை. சொந்த நிலத்தில் அடக்கம் செய்தாலும், காகிதம் சரியாக இல்லையென்றால் நம் பேரப்பிள்ளைகளுக்கும் அதே பூட்டிய கேட்டுதான்.

முதல் வேலை: கிராண்டைப் படியுங்கள்

அலமாரியில் இருக்கும் நகலை நம்ப வேண்டாம். மாவட்ட நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி "சாரியான் ராஸ்மி", அதாவது அதிகாரபூர்வத் தேடல் அறிக்கை எடுங்கள். அதில் பார்க்க வேண்டியவை இவை. நிலம் யார் யார் பெயரில் இருக்கிறது, ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பங்கு. நிரந்தர உரிமையா, குத்தகையா. குத்தகை என்றால் இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி. "கதெகோரி" என்ற இடத்தில் விவசாயமா, கட்டடமா, தொழிலா. "ஷாராட் ஞாத்தா" என்ற நிபந்தனையில் என்ன எழுதியிருக்கிறது. "செக்காத்தான்" என்ற கட்டுப்பாடு ஏதும் உண்டா. வங்கி அடமானமோ, கைமாற்றத்தைத் தடுக்கும் கேவியட்டோ ஏறியிருக்கிறதா.

நம் பக்கத்துச் சிறு நிலங்களில் பெரும்பாலும் "விவசாயம்" என்றுதான் இருக்கும். 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின்படி விவசாய நிலத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது நிபந்தனையை மீறுவதாகும். மீறினால் அபராதம் வரலாம், கடைசியில் நிலத்தையே பறிமுதல் செய்யவும் மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. ஒரு குழிதானே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

குத்தகை நிலமாக இருந்து முப்பது நாற்பது ஆண்டுகளே பாக்கி என்றால், என் கருத்தில் இந்த யோசனையை அங்கேயே விட்டுவிடலாம். வங்கி அடமானம் இருந்தால் முதலில் கடனை அடையுங்கள். தவணை தவறி நிலம் ஏலத்துக்குப் போனால் கல்லறையும் அதோடு போகும்.

இரண்டாவது: மண்ணையும் தண்ணீரையும் பாருங்கள்

விண்ணப்பத்துக்குக் காசு கட்டும் முன் இதைச் செய்துவிடுங்கள். மண் சரியில்லை என்றால் மற்ற எல்லாச் செலவும் வீண்.

நம் ஊரில் மழைக்குப் பஞ்சமில்லை. ஆற்றோரத்திலும் பள்ளத்திலும் நாலு அடி தோண்டினாலே ஊற்றுத் தண்ணீர் வந்துவிடும். பெட்டி தண்ணீரில் மிதந்ததை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அது வாழ்நாளுக்கும் மறக்காது. உலகச் சுகாதார நிறுவனம் 1998-இல் வெளியிட்ட அறிக்கை நல்ல அளவுகோல் தருகிறது: குடிக்கும் கிணறு, ஆழ்துளைக் கிணறு, ஊற்று இவற்றிலிருந்து 250 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஓடை, ஆறு போன்ற மற்ற நீர்நிலைகளிலிருந்து 30 மீட்டராவது வேண்டும். குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே குறைந்தது ஒரு மீட்டர் மண் இருக்க வேண்டும்.

இந்த 250 மீட்டரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மூன்று ஏக்கர் நிலம் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 110 மீட்டர்தான் வரும். அப்படியென்றால் உங்கள் கிணற்றை மட்டும் பார்த்தால் போதாது. அக்கம்பக்கத்து நிலங்களுக்கு நடந்து போய் யார் வீட்டில் கிணறு இருக்கிறது என்று கேட்க வேண்டும். எங்களுக்கு அந்த நடை வேறு விதத்திலும் உதவியது. பின்னால் ஆட்சேபம் சொல்லியிருக்கக்கூடிய அண்டை வீட்டுக்காரரிடம் முதலிலேயே உட்கார்ந்து தேநீர் குடித்துப் பேசிவிட்டோம்.

சோதனையை மழைக்காலத்தில் செய்யுங்கள். பேராக்கில் அக்டோபர், நவம்பர் நல்ல நேரம். வெயில் காலத்தில் பார்த்து ஏமாறாதீர்கள். குழி ஆறடி, அதற்குக் கீழே ஒரு மீட்டர் என்றால் ஒன்பது பத்தடி ஆழம் வரை தெரிய வேண்டும். அவ்வளவு ஆழத்துக்கு ஆளை இறக்கித் தோண்ட வைக்காதீர்கள், மண் சரிந்தால் உயிருக்கே ஆபத்து. கையால் சுழற்றும் மண் துளைப்பானை வாடகைக்கு எடுத்து மூன்று இடங்களில் துளை போடுங்கள். வாயைப் பலகையால் மூடி வையுங்கள். ஒரு வாரம் கழித்து, நல்ல மழை பெய்த மறுநாள், கயிற்றில் கல் கட்டி இறக்கிப் பாருங்கள். கயிறு எந்த உயரம் வரை நனைந்து வருகிறது என்பதே உங்கள் பதில்.

களி கலந்த செம்மண் மேடு நல்லது, குழியின் சுவர் நிற்கும். கிந்தா பள்ளத்தாக்குப் பக்கம் பழைய ஈயச் சுரங்க நிலம் வைத்திருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அந்த மணல் உதிரும், வெட்ட வெட்டச் சரியும்.

மூன்றாவது: எழுத்தில் கேட்பதற்கு முன் வாயால் கேளுங்கள்

அனுமதி இரண்டு பக்கமிருந்து வேண்டும். அடக்கம் செய்யும் இடத்துக்கான உரிமம் 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின்படி நகராண்மைக் கழகத்திடம் இருக்கிறது. எங்கள் ஊருக்கு அது கோலகங்சார் நகராண்மைக் கழகம். உரிமம் இல்லாத இடத்தில் அடக்கம் செய்வது குற்றம், நிலம் நம் பெயரில் இருந்தாலும் குற்றம்தான். நிலத்தின் நிபந்தனையை மாற்றுவது நில அலுவலகம் வழியாக மாநில அரசின் கையில் இருக்கிறது. நிலம் மாநில விவகாரம் என்பதால் கெடாவிலோ ஜொகூரிலோ இருப்பவர்கள் தங்கள் மாநில நடைமுறையைத்தான் பார்க்க வேண்டும். பேராக்கில் எங்களுக்கு நடந்தது அப்படியே அங்கும் நடக்கும் என்று எண்ண வேண்டாம்.

முதலில் நகராண்மைக் கழகத்தின் திட்டமிடல் பிரிவுக்குப் போங்கள். லாட் எண்ணை, அதாவது உங்கள் நிலத் துண்டின் பதிவு எண்ணைக் கொடுத்து, வட்டார வரைவுத் திட்டத்தில், அதாவது "ரன்சாங்கான் தெம்பாத்தான்" வரைபடத்தில் உங்கள் நிலம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். அங்கே நாளை வீடமைப்புப் பகுதி வரப்போகிறது என்றால் கல்லறைக்கு அனுமதி கிடைப்பது அரிது. இடுகாடுகளுக்கென்று நகர, கிராமத் திட்டமிடல் துறையின் வழிகாட்டி நெறிகளும் உண்டு. எவ்வளவு இடைவெளி, எவ்வளவு மரவேலி என்று அதிகாரி அதை வைத்துத்தான் கேட்பார். கவுண்டரில் நிற்பவரிடம் மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். அதிகாரியைப் பார்க்க நாள் வாங்குங்கள், பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஓர் அலுவலகத்தில் எங்கள் கோப்பு பல மாதம் ஒரே மேசையில் கிடந்தது. யாரிடம் எப்போது கொடுத்தோம் என்று அந்த நோட்டில் இருந்ததால்தான் அதைத் தேடி எடுக்க முடிந்தது.

ஒரே குடும்பத்துக்கு என்றால் தயங்குகிறார்கள், நாலைந்து குடும்பம் சேர்ந்து வந்தால் காது கொடுத்துக் கேட்கிறார்கள். இதை மனத்தில் வையுங்கள். பிறகு மறுபடி வருகிறேன்.

நான்காவது: விண்ணப்பம்

நில நிபந்தனையை மாற்ற தேசிய நிலச் சட்டத்தின் 124-ஆம் பிரிவு. கல்லறைத் துண்டைத் தனி லாட்டாகப் பிரித்து அதே நேரத்தில் நிபந்தனையையும் மாற்ற வேண்டுமானால் 124ஏ. விவசாய நிலமாகவே வைத்துக்கொண்டு பிரிக்கலாமே என்று கேட்பார்கள். விவசாய நிலத்தை ஐந்தில் இரண்டு ஹெக்டருக்குக் குறைவாக, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கருக்குக் குறைவாகப் பிரிக்க முடியாது. நமக்கு வேண்டியதோ ஆயிரத்துச் சொச்சம் சதுர அடி.

இதற்கு உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவர் வேண்டும், முடிந்தால் வழக்கறிஞரும். அளவையாளர் செலவில் மிச்சம் பிடிக்காதீர்கள், அவர் போடும் எல்லைக் கல்தான் பின்னால் பேசும். திட்ட அனுமதி விண்ணப்பம் போனதும் அண்டை நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு போகலாம். அப்படிப் போனால் அவர்கள் ஆட்சேபம் சொல்ல 21 நாள் அவகாசம் இருக்கும். அனுமதி வந்தால் பிரிமியம், அதாவது நிபந்தனையை மாற்றுவதற்கு மாநில அரசு கேட்கும் தொகை, கட்டச் சொல்லிக் கடிதம் வரும். அதில் உள்ள கெடுவைத் தவற விட்டால் அனுமதி காலாவதியாகி மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடிதம் வந்த அன்றே நாள்காட்டியில் குறித்துவிடுங்கள்.

ஐந்தாவது: நமக்குப் பிறகு யார் பெயரில்?

பலரும் இதைச் செய்யாமல் விடுகிறார்கள். உரிமம் வாங்கியாகிவிட்டது, அப்பாவுக்கு இடம் தயார் என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் நிலம் அப்பா பெயரில் மட்டும் இருந்து, உயில் எழுதாமல் அவர் இறந்துவிட்டால், 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் பிரிக்கும். மனைவியும் பிள்ளைகளும் இருந்து, பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பெற்றோரும் இருந்தால் அவர்களுக்குக் கால், மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. பிள்ளைகள் நாலு பேர், அவர்களுக்கு மூன்று மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தலைமுறையில் ஒரே கிராண்டில் பன்னிரண்டு பெயர் ஏறிவிடும். அதில் ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார், ஒருவருக்குக் கடன் இருக்கும். விற்றுப் பங்கு கொடு என்று ஒருவர் நீதிமன்றம் போனாலே போதும். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் அந்தத் தாத்தாவைப் பார்த்தே இருக்க மாட்டார்.

ஆகவே கல்லறைத் துண்டு தனி லாட் ஆனதும், அதை வழக்கறிஞர் மூலம் அறக்கட்டளைப் பத்திரம் எழுதி, இரண்டு மூன்று பேர் பெயரில் "பொறுப்பாளர்" என்ற முறையில் பதிவு செய்யுங்கள். கிராண்டிலேயே "செபாகாய் பெமெகாங் அமானா" என்று ஏறும். அந்தப் பெயர் இருக்கும் வரை அது ஒருவருடைய தனிச் சொத்து ஆகாது. பொறுப்பாளர்களில் ஒருவராவது இளையவராக இருக்கட்டும். பெண் பிள்ளைகளையும் சேருங்கள். எங்கள் வீட்டில் கல்லறையை மறக்காமல் பார்ப்பது என் தங்கைதான், அவள் பெயர் இல்லாமல் பத்திரம் எழுதுவது நியாயமே இல்லை.

வழிக்கும் ஏற்பாடு வேண்டும். கல்லறை நிலத்தின் நடுவில் இருந்து, சுற்றியுள்ள செம்பனையை நாளை விற்றுவிட்டால், உள்ளே போவது எப்படி? தனி லாட்டாகப் பிரித்த பிறகு, மீதி நிலத்தின் மேல் வழி உரிமையை "இஸ்மேன்" என்று நில அலுவலகத்தில் பதிவு செய்யலாம். பதிவு செய்தால் நிலத்தை யார் வாங்கினாலும் அந்த உரிமை அவரையும் கட்டும். வாய்ப் பேச்சில் கொடுத்த வழி விற்ற அன்றே முடிந்துவிடும். இன்னும் நல்லது, சாலையைத் தொட்ட மூலையையே கல்லறைக்குத் தேர்ந்தெடுப்பது. நாங்கள் அப்படித்தான் செய்தோம், அழகான மேட்டை விட்டுக்கொடுத்து.

நிலம் சின்னது, பணமும் இல்லை என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு சங்கத்தைப் பதிவு செய்து, இடுகாட்டுக்கு அரசு நிலம் ஒதுக்கும்படி மாநில அரசிடம் கேட்கலாம். தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆம் பிரிவின்படி அரசிதழில் ஒதுக்கீடாக அறிவித்துவிட்டால், அதை வேறு காரியத்துக்கு எடுப்பது எளிதல்ல. அது நம் குடும்பத்துக்கு மட்டும் என்று இராது, ஆனால் தனி கிராண்டைவிடப் பாதுகாப்பானது. என்னைக் கேட்டால், பத்துக் குடும்பத்தில் எட்டுக் குடும்பத்துக்கு இதுதான் ஏற்ற வழி.

ஆறாவது: இடத்தை அமைப்பது

நாற்பதடிக்கு முப்பதடி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழிக்கு இடைவெளியோடு சேர்த்து ஆறடி அகலம், பத்தடி நீளம். ஒரு வரிசையில் ஆறு, இரண்டு வரிசை, நடுவே நாலடி நடைபாதை. பன்னிரண்டு பேருக்கு இடம் கிடைக்கும். செம்பனையில் ஒன்றிரண்டு மரம்தான் போகும்.

நம்மில் தெற்கே தலை வைத்து அடக்கம் செய்வார்கள். கிறிஸ்தவக் குடும்பங்கள் கிழக்கு பார்த்தபடி வைப்பார்கள். எது உங்கள் வழக்கமோ, வரிசையை அதற்கு ஏற்ற மாதிரி முதலிலேயே போடுங்கள். குழி வெட்டும் நாளில் பெரியவர்கள் திசைக்காக நின்று வாக்குவாதம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அது பாவம், இறந்தவருக்கும் மரியாதையில்லை.

வேலி கட்டாயம். மாடு மட்டுமல்ல, காட்டுப்பன்றி புதுமண்ணைக் கிளறும். கம்பி வலையின் அடியை ஓரடி மண்ணுக்குள் புதைத்து விடுங்கள். அரளி, வெட்சி, துளசி வைக்கலாம். அரசும் ஆலும் வேண்டாம், வேர் கல்லறையைப் பிளக்கும். லாலாங் புல் ஒரு மழையில் முழங்கால் உயரம் வந்துவிடும். மருந்தடிக்கும் ஆளிடம் வேலிக்குள் அடிக்காதே என்று சொல்லி வையுங்கள்.

செம்பனையை ஏறக்குறைய 25 ஆண்டுக்கு ஒருமுறை அழித்து மறுநடவு செய்வார்கள். அப்போது பேக்கோ என்ற மண் வெட்டும் இயந்திரம் இறங்கும். ஓட்டுநருக்குக் கல்லறை இருப்பது தெரியாது. நாலு மூலையிலும் ஆளுயரக் கான்கிரீட் தூண் நட்டு வெள்ளை அடித்து வையுங்கள்.

சிமெண்டுக் கல்லறை கட்ட அவசரப்படாதீர்கள். மண் அமுங்கும். ஒரு மழைக்காலம் முழுவதும் கழியட்டும். பதினாறாம் நாளுக்குள் கட்டிவிட வேண்டும் என்று கட்டியவை விரிசல் விட்டுச் சாய்ந்து நிற்கின்றன. அதுவரை மண்மேடும் பெயர் எழுதிய பலகையும் போதும்.

இறப்பு நேரும்போது

மருத்துவமனையில் நேர்ந்தால் அங்கேயே தாள் கொடுப்பார்கள். வீட்டில் நேர்ந்தால் முன்பு பலாய் போலீஸுக்கு, அதாவது காவல் நிலையத்துக்குப் போவோம்; இப்போதைய நடைமுறையைத் தேசியப் பதிவிலாகாவில் கேட்டுக்கொள்ளுங்கள். அடக்கம் செய்வதற்கான "பர்மிட் மெங்குபூர்" கையில் இல்லாமல் குழி மூடக் கூடாது. தேசியப் பதிவிலாகாவில் இறப்பைப் பதிந்து சான்றிதழ் வாங்குங்கள். சொத்து வேலைக்கும் அதுதான் முதல் தாள். குழி வெட்டும் ஆட்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பேக்கோ வைத்து வெட்டினால் பக்கத்துக் குழி சரியும், இரண்டாவது குழியிலிருந்து கையால்தான் வெட்ட வேண்டும்.

ஒருமுறை அடக்கம் செய்துவிட்டால், மறுபடி தோண்டி எடுக்க வேண்டுமானாலும் நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டும். பழைய தோட்டத்தில் இருக்கும் தாத்தாவை இங்கே கொண்டு வரலாம் என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறர் மனத்தைப் புண்படுத்தும் அல்லது மதத்தை அவமதிக்கும் எண்ணத்தோடு இடுகாட்டுக்குள் அத்துமீறி நுழைவது தண்டனைச் சட்டத்தின் 297-ஆம் பிரிவில் குற்றம். யாராவது இடித்தால் சண்டைக்குப் போகாமல் படம் எடுத்துப் புகார் செய்யுங்கள்.

கடைசியாக ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் வரைபடம், எல்லைக் கல்லிலிருந்து ஒவ்வொரு குழிக்கும் எத்தனை அடி என்ற அளவோடு. அடுத்து ஒருவருக்கு ஒரு பக்கம்: பெயர், தாய் தந்தை பெயர், பிறந்த தோட்டம், இறந்த தேதி, திதி, பர்மிட் எண், எந்த வரிசையில் எத்தனையாவது. கிராண்ட், உரிமம், அறக்கட்டளைப் பத்திரம் ஆகியவற்றின் நகலைப் பின்னால் ஒட்டுங்கள். எங்கள் நோட்டின் ஒரு படி என்னிடமும், ஒன்று தங்கையிடமும், ஒன்று ஈப்போவில் இருக்கும் சித்தப்பா மகனிடமும் இருக்கிறது. அப்பாவின் பக்கத்தில் இறந்த தேதி இன்னும் காலியாக இருக்கிறது. பிறந்த தோட்டத்தின் பெயரை அவரே தன் கையால் எழுதியிருக்கிறார்.